காலியான இருபத்தெட்டு

அத்தியாயம் 6

விதை அறைக்குள் நுழைந்த இரண்டாவது நிமிஷமே ரம்பத்துக்குப் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன.

"பாஸ், இது விதை வெக்கிற ரூமா, பிணம் வெக்கிற ரூமா?"

"குளிர்ல வெச்சாத்தான் விதை கெடாது. வாயை மூடு."

"வாயை மூடினா எனக்கு இன்னும் குளிரும் பாஸ்."

திறந்த வாயால் அறுத்துக்கொண்டே இருப்பாள் என்பதால் அவளுக்கு ரம்பம் என்று பெயர் வைத்தவர் அவர். மாடிப்படியைக்கூட ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் ஏறுகிறார் என்பதால் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்தவள் அவள். அவர்களுடைய துப்பறியும் அலுவலகத்தின் வாசலில் வேறு இரண்டு பெயர்கள் தொங்குகின்றன. அவற்றை யாரும் சீந்துவதில்லை.

மற்ற நாளாக இருந்தால் நிதானம் சிரித்திருப்பார். இன்று சிரிப்பு வரவில்லை. ஏனென்றால், இந்த வழக்கில் அவரைக் கூப்பிட்டது அவருடைய சொந்த அக்கா.

அக்கா அலமாரிக்குப் பக்கத்தில் கைத்தடியை ஊன்றி நின்றிருந்தாள். தாவர ஆராய்ச்சி நிலையத்தில் பெரிய புரொபசர். ஓய்வு பெற இன்னும் ஆறே வாரம். இரண்டரை மாதம் முன்பு முழங்காலில் ஆபரேஷன் ஆகி, ஒரு மாதம் படுத்தபடுக்கையாகக் கிடந்து எழுந்தவள். அம்மா போனபோது நிதானத்துக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அன்றிலிருந்து அவருக்கு அக்காதான் எல்லாம். கணக்கு வாத்தியார் கேள்வி கேட்டால் "தெரியலை சார்" என்று நிற்கும் தம்பிக்கு வீட்டுக் கணக்கைப் போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

"மேடம், என்ன திருடு போச்சுன்னு எனக்குப் புரியற பாஷையில ஒரு தடவை சொல்லிடுங்களேன்" என்றாள் ரம்பம்.

அக்காவுக்குப் பாடம் நடத்தக் கசக்குமா? "செடிக்குள்ள ஆயிரக்கணக்குல ஜீன் இருக்கும்மா. எல்லாம் எப்பவும் வேலை செய்யாது. எதை எப்போ எழுப்பணும்னு சொல்றதுக்குன்னே சில புரதம் இருக்கு. படியெடுப்புக் காரணின்னு பேரு. மேஸ்திரின்னு வெச்சுக்கோயேன். மேஸ்திரி குரல் குடுத்தா மத்த ஜீன்லாம் எழுந்து வேலையைப் பார்க்கும். இந்த மேஸ்திரிகளை உண்டாக்குற ஜீன்கள் குடும்பம் குடும்பமா இருக்கும். நான் இருபது வருஷமா கட்டிக்கிட்டு அழறது ஒரே ஒரு குடும்பம். மிப் குடும்பம்."

"மொத்தம் எத்தனை பேர்?"

"தக்காளியில நான் எடுத்துக்கிட்ட கிளையில மட்டும் அறுபத்து நாலு."

"அடேங்கப்பா. குரூப் போட்டோ எடுக்கவே ஒரு நாள் ஆகும் போலிருக்கே."

"முகஜாடை எல்லாருக்கும் ஒண்ணுதான். வேலைதான் வேற வேற. ஒருத்தன் இலைமேல ரோமம் வளர்ப்பான், ஒருத்தன் நிறம் குடுப்பான். என்னோட இருபத்தெட்டு இருக்கே, அது தண்ணி இல்லேன்னா முழிச்சுக்கும். இலையில இருக்கிற துவாரத்தையெல்லாம் சாத்திடும். அந்த ஜீனைக் கூடுதலா வேலை வாங்கி ஒரு செடி பண்ணினோம். பதினெட்டு நாள் சொட்டுத் தண்ணி இல்லாம நின்னுச்சு. அந்த விதைதான் இங்க இருந்துச்சு."

அலமாரியில் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஓர் எண். வேறு ஓர் எழுத்துகூடக் கிடையாது. அக்கா கைத்தடியால் தொட்டுக் காட்டிய இருபத்தெட்டாம் டப்பாவைத் திறந்தார் நிதானம். துடைத்துவைத்த மாதிரி இருந்தது. பக்கத்திலிருந்த இருபத்தேழைத் திறந்தார். விதை முக்கால் டப்பா இருந்தது.

"எண் மட்டும்தான் எழுதியிருக்கே அக்கா? என்ன விதைன்னு எழுதலையா?"

"என் லேப்ல அதுதான் சட்டம். திருட வர்றவனுக்கு நாமே வழி காட்டணுமா?" அவள் குரல் தழுதழுத்தது. "வெளியில இருந்து வந்தவனுக்கு எந்த டப்பான்னு தெரியாது தம்பி. கூடவே இருந்தவதான் குழி பறிச்சுட்டா. அஞ்சு வருஷம் பெத்த பொண்ணு மாதிரி வெச்சிருந்தேன்."

அவள் சொன்னது தன் ஆராய்ச்சி மாணவியை. நடந்தது இதுதான். இரண்டு வாரம் முன்பு ஒரு விதைக் கம்பெனி 'தண்ணீர் கேட்காத தக்காளி' என்று விளம்பரம் கொடுத்தது. அக்காதான் முதலில் பதறினாள். நிலையத்தின் செக்யூரிட்டி அதிகாரியை அழைத்துக்கொண்டு போய் அறையைத் திறந்து பார்த்தாள். டப்பா காலி. கதவின் பதிவைப் பார்த்தால், கடைசியாக ஆறு வாரம் முன்பு ஒரு காலை பதினொன்றே காலுக்கு அந்த மாணவியின் கார்டைக் காட்டித்தான் கதவு திறக்கப்பட்டிருக்கிறது. அன்றே அறைக்குச் சீல் வைத்து, மாணவியை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். போலீஸ் வேண்டாம், என் தம்பி ஓசைப்படாமல் விசாரிப்பான் என்று இயக்குநரிடம் சொன்னதும் அக்காதான். இன்று மாலை நாலு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. மாணவிதான் எடுத்தாள் என்று முடிவானால் ஐந்து வருஷ ஆராய்ச்சி குப்பைக்குப் போகும். வேறு எந்த நிலையமும் அவளை வாசற்படி மிதிக்க விடாது.

"சாயந்திரத்துக்குள்ள எழுதிக் குடுத்துடு தம்பி" என்றாள் அக்கா. "எனக்கும் மனசு கேக்கல. ஆனா என்ன பண்றது?"

நிதானம் தலையாட்டினார். அக்கா சொல்லி அவர் தலையாட்டாத விஷயம் இதுவரை ஒன்றுகூட இருந்ததில்லை.

* * *

மாணவியின் அறை ஒரு லாண்டரிக்கு மேலே இருந்தது. கட்டில், மேஜை, ஜன்னலில் நாலு தொட்டி, அவ்வளவுதான். அழுது அழுது அவள் முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் வந்தவர்களுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"கார்டு அன்னைக்கு உன்கிட்டதான் இருந்துச்சாம்மா?"

"இல்ல சார்."

"தொலைஞ்சுபோச்சா?"

"இல்ல. ஒருத்தங்க கேட்டாங்க, குடுத்தேன். அன்னைக்கே திருப்பியும் குடுத்துட்டாங்க."

"யாரு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அவங்க பேரை நான் இழுக்க மாட்டேன் சார். அவங்க திருடுற ஆளே இல்ல. விஷயம் அவங்களுக்கும் தெரியும். நாலு மணிக்கு அவங்களே வந்து சொல்லிடுவாங்க."

"பத்து நாளா சொல்லாதவங்க நாலு மணிக்கா சொல்லப் போறாங்க?" என்றாள் ரம்பம். "ஏம்மா, நீ செடியை மட்டும்தான் படிச்சியா? மனுஷங்களைப் பாடத்துல வெக்கலையா?"

நிதானம் பேச்சை மாற்றினார். மேஜை மேல் ஒரு பெரிய தாள் கிடந்தது, எண்களும் கோடுகளுமாக. "இதுதான் அந்தக் குடும்பமா? அறுபத்து நாலு பேரும் இருக்காங்களா?"

"அறுபத்து மூணு சார்."

"அறுபத்து நாலுன்னு சொன்னாங்களே?"

முதல் முறையாக அவள் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. "அது பழைய கணக்கு. கம்ப்யூட்டர் ஒரே ஜீனை ரெண்டாப் பிரிச்சுக் காட்டிடுச்சு. பதினொண்ணுன்னும் பன்னெண்டுன்னும் நாங்க நினைச்சது ஒரே ஆளுதான். நான்தான் கண்டுபிடிச்சேன். குரோமோசோம்ல இருக்கிற வரிசைப்படிதான் நம்பர் வெக்கிறோம். நடுவுல ஒண்ணு போனதால பின்னாடி இருந்த எல்லாரும் ஒரு படி முன்னாடி வந்துட்டாங்க. அலமாரி முழுக்க லேபிளைக் கிழிச்சுட்டு நானும் ரெண்டு உதவியாளர்களும் புதுசா ஒட்டினோம். ரெண்டு நாள் வேலை சார், விரல் விறைச்சுப் போச்சு."

நிதானம் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ உங்க வறட்சி விதை எந்த டப்பா?"

"இருபத்தேழு."

"இருபத்தெட்டுல என்ன இருந்துச்சு?"

"அது பக்கத்து வீட்டுக்காரன் சார். நிறம் குடுக்கிறவன். அந்த விதையைப் போட்டா செடி முழுக்கக் கத்தரிக்காய்க் கலர்ல வரும். பார்க்க அழகா இருக்கும். தண்ணி ஊத்தலேன்னா மூணாம் நாளே தலையைத் தொங்கப் போட்டுடும்." சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன் சார்? வறட்சி விதைதானே காணோம்னு நோட்டீஸ்ல இருக்கு?"

"லேபிள் மாத்தினப்போ உங்க மேடம் எங்க இருந்தாங்க?"

"ஆபரேஷனாகிப் படுத்திருந்தாங்க. புது லிஸ்டை அனுப்பினேன். 'சரி'ன்னு ஒரு வார்த்தை பதில் வந்துச்சு."

நிதானம் எழுந்து படியிறங்கினார். வழக்கத்துக்கு மாறாக இரண்டிரண்டு படியாக இறங்கினார்.

தெருவுக்கு வந்ததும் ரம்பம் அவர் முன்னால் வந்து நின்றாள். அவள் முகத்தில் கிண்டல் இல்லை. "பாஸ், திருடின ஆளுக்கு வேண்டியது வறட்சி விதை. எடுத்தது கலர் விதை. மூணு பேர் சொந்தக் கையாலேயே லேபிள் ஒட்டினவங்க. அவங்க தூக்கத்துலகூடத் தப்பு பண்ண மாட்டாங்க. இன்னும் பழைய நம்பரையே சொல்லிட்டிருக்கிற ஆள் அந்த லேப்ல ஒரே ஒருத்தர்தான்."

"அக்கா காலி டப்பாவைப் பார்த்து ஏமாந்திருக்கலாம். வேற எவனோ கலர் விதைக்காகவே வந்து எடுத்திருக்கலாம். கம்பெனிக்காரன் விதை அவனோட சொந்த விதையா இருக்கலாம்."

"இருக்கலாம், இருக்கலாம். மூணு இருக்கலாம் ஆச்சு."

"கம்பெனிக்குப் போய்ப் பார்த்துடுவோம்" என்றார் நிதானம். அங்கே பச்சைப்பசேல் என்று செடி நிற்க வேண்டும் என்று, எந்தத் துப்பறிவாளரும் வேண்டிக்கொள்ளாத ஒன்றை மனசுக்குள் வேண்டிக்கொண்டார்.

* * *

கம்பெனியின் கண்ணாடிக் கூடத்தை ஒரு மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் பென்சில், கையில் குழாய், முகத்தில் எரிச்சல்.

"எங்க மாமாவுக்குத் தோட்டம்னா உசிரு சார்" என்று ஆரம்பித்தாள் ரம்பம். "ஆனா செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் மறந்துடுவார். விளம்பரம் பார்த்ததுலேர்ந்து அந்தத் தக்காளி வேணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறார்."

நிதானம் மறதிக்கார மாமா மாதிரி விழித்தார். அதற்கு இன்று நடிக்க வேண்டியிருக்கவில்லை.

"விளம்பரமா?" மேற்பார்வையாளர் குழாயைக் கீழே போட்டார். "விளம்பரத்தை முதல்ல குடுத்துட்டாங்க, செடியை அப்புறமா சோதிக்கச் சொல்றாங்க. நீங்களே வந்து பாருங்க இந்தக் கூத்தை."

உள்ளே வரிசையாகத் தட்டுகள். தட்டுகளில் தக்காளிச் செடிகள். தண்டு, நரம்பு, இலையின் அடிப்பக்கம் எல்லாமே கத்தரிக்காய் நிறம். அத்தனையும் வதங்கித் துவண்டு தட்டின் விளிம்பில் கிடந்தன. தண்ணீர் நிறுத்தி நாலு நாள்தான் ஆகிறதாம். தட்டின் ஓரத்தில் ஒரு சீட்டு. அதில் 28 என்று எழுதியிருந்தது.

"பாஸ்" என்று காதோடு சொன்னாள் ரம்பம், "தண்ணீர் கேக்காத தக்காளிதான். கேக்கத் தெம்பே இல்ல."

நிதானம் அதைக் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புதிதாகக் கட்டிய ஓர் ஆய்வுக்கூடம் தெரிந்தது. ஈரப் பெயின்ட் வாசனை இங்கேவரை வந்தது. ஒரு தச்சர் கதவுக்கு மேலே மாட்டவேண்டிய பலகையை மடியில் வைத்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கு இந்த லேப்?" என்று கேட்டார்.

"யாரோ பெரிய புரொபசராம். அடுத்த மாசம் ரிட்டயர் ஆகி வர்றாங்களாம். லேபுக்கே அவங்க பேரைத்தான் வெக்கப் போறாங்க."

தச்சர் பலகையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்துக்கள் இந்தப் பக்கம் திரும்பின. அம்மா போன பிறகு நிதானத்தின் பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டில், அம்மா கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் அந்தப் பெயர்தான் இருந்தது. அவர் இரண்டாம் தடவை படிக்கவில்லை.

திரும்பும் வழியெல்லாம் ரம்பம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவளுக்குக் கிடைத்த பெயரைப் பொய்யாக்கிய அரை மணி நேரம் அது.

* * *

மூன்றரை மணிக்கு மறுபடியும் அதே விதை அறை. ரம்பத்தை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார் நிதானம்.

"எழுதிட்டியா?" என்றாள் அக்கா.

"ஒரே ஒரு சந்தேகம் அக்கா. கமிட்டிக்குக் காட்டணும். வறட்சி விதை இருந்த டப்பாவை எடுத்துக் குடு."

அவள் யோசிக்கவே இல்லை. காலி டப்பாவை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் இருபத்தேழை எடுத்து மூடியைத் திறந்து அவள் முன்னால் நீட்டினார்.

"உன் விதை இங்கதான் இருக்கு. எங்கேயும் போகல. நீ கம்பெனிக்குக் கொண்டுபோய்க் குடுத்தது வெறும் கலர்."

அக்காவின் முகம் வெளிறியது. டப்பாவைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். "லேபிளை மாத்திட்டாளா?"

"உனக்கு எழுதினா. 'சரி'ன்னு பதில் போட்டியே. படிக்கலையா?"

"என்னத்தைப் படிக்கிறது?" அவள் குரல் சீறியது. "அறுபத்து நாலு நான் எண்ணினது! உலகம் பூரா என் கணக்கைத்தான் எடுத்து எழுதினாங்க. நேத்து வந்தவ ஒண்ணைக் கழிச்சுட்டு அறுபத்து மூணுங்கிறா. அதைப் படிச்சு நான் மனப்பாடம் பண்ணணுமா?"

"கார்டு?"

"லீவுல என் கார்டை முடக்கி வெச்சிருந்தாங்க. வந்த முதல் நாள் அவகிட்ட வாங்கினேன். கேட்ட உடனே கழட்டிக் குடுத்தா." கைத்தடியால் தரையைத் தட்டினாள். "இருபது வருஷம் தம்பி. ஆறு வாரத்துல ரூமைக் காலி பண்ணுங்கறாங்க. கட்டுரையில அவ பேரு முதல்ல வருமாம், என் பேரு கடைசியிலயாம். அந்தக் கம்பெனிக்காரன் ஒருத்தன்தான் என் பேருல ஒரு லேப் தர்றேன்னான்."

"அதுக்கு அந்தப் பொண்ணு கழுத்தை அறுக்கணுமா? பெத்த பொண்ணு மாதிரின்னு காலையில கண் கலங்கினியே அக்கா."

அவள் தணிந்த குரலில், பழைய குரலில், பேசினாள். "நீ பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். தெரியலைன்னு சொல்லிடு, போதும். சந்தேகம் அவமேலயே நின்னுடும். சின்ன வயசுல வாத்தியார்கிட்ட எப்பவும் அதைத்தானே சொல்லுவே?"

நிதானம் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். கேட்க வேண்டாம் என்று காலையிலிருந்து ஒத்திப்போட்ட கேள்வியைக் கேட்டுவிட்டார். "எதுக்கு அக்கா என்னைக் கூப்பிட்டே? ஊர்ல எத்தனையோ துப்பறியறவன் இருக்கான்."

"வேற யாராவது வந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பான்" என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தம்பி என்று கையை நீட்டினாள். அவர் அந்தக் கையைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் இந்தத் தொழிலில் அவர் பார்க்காத துரோகம் இல்லை. வழக்கோடு வந்தவர்கள் அழும்போது தண்ணீர் வாங்கிக் கொடுத்து ஆறுதல் சொல்லியிருக்கிறார். அந்த ஆறுதல் எல்லாம் எவ்வளவு வெறும் பேச்சு என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. அக்கா தன்னை நம்பிக் கூப்பிட்டாள் என்று ஒரு வாரமாகப் பூரித்துப் போயிருந்தார். அவள் நம்பியது அவருடைய முட்டாள்தனத்தை.

இரண்டு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

கமிட்டி அறைக்கு வெளியே பெஞ்சில் மாணவி உட்கார்ந்திருந்தாள். அக்கா நொண்டிக்கொண்டு வருவதைப் பார்த்ததும் துள்ளி எழுந்தாள். "மேடம், பையைக் குடுங்க. கால் வலிக்கப் போகுது." பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு நிதானத்தைப் பார்த்தாள். "சார், மேடம் சொல்லிட்டாங்களா?"

ரம்பம் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நிதானம் டப்பாக்களைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் கதவு திறந்து அக்காவையும் அவரையும் உள்ளே கூப்பிட்டார்கள்.

நீள மேஜை. அந்தப் பக்கம் ஐந்து பேர். நடுவில் இயக்குநர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "சொல்லுங்க. யார் எடுத்தாங்கன்னு தெரிஞ்சுதா?"

அக்கா தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு அசைந்தது. என்ன வார்த்தையை எதிர்பார்க்கிறாள் என்பது அவருக்குத் தெரியும்.

நிதானம் இருபத்தேழையும் இருபத்தெட்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தெரிஞ்சுது சார்" என்றார்.

வெளியே பெஞ்சில் அந்தப் பெண் இன்னும் மேடத்தின் பையை மடியில் அணைத்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.